சிறிய உடல்வாகுக்கு ஏற்ற ஒற்றையாள் கடல் கயாக்: அளவெடுப்பதிலிருந்து தனியாகத் தூக்கி வைப்பது வரை

கயாக் என்பது உள்ளே உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் ஓட்டும் குறுகலான படகு. என் முதல் கடல் கயாக்கை ஓட்டிய நாட்களில் இரண்டு கட்டைவிரல் கணுக்களிலும் தோல் உரிந்துகொண்டே இருந்தது. எனக்குத் துடுப்பு போடத் தெரியவில்லை என்று நினைத்தேன். சொல்லிக்கொடுத்தவரும் அதையேதான் சொன்னார். பிறகு ஒரு நாள் இன்னொருவருடைய குறுகலான கயாக்கில் அரை மணி நேரம் போய்வந்தேன். கை எங்கும் இடிக்கவில்லை, தோள் வலிக்கவில்லை, நினைத்த பக்கம் படகு திரும்பியது. என் உயரம் 152 செ.மீ., எடை 49 கிலோ. அதுவரை நான் ஓட்டிய படகின் அகலம் 61 செ.மீ. இவ்வளவு நாள் ஒரு பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள், குட்டையானவர்கள், ஒல்லியானவர்கள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். படகின் புகழைப் பார்த்து வாங்காதீர்கள். செருப்பு வாங்குவதுபோல உங்கள் அளவைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கயாக்கை ஓட்டுபவரின் உடம்பை வைத்துத்தான் அளந்தார்கள். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: நீளம் இரண்டு கைகளையும் விரித்த அளவில் மூன்று மடங்கு, அகலம் இடுப்பும் இரண்டு முஷ்டியும், உட்காரும் இடத்தின் ஆழம் ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும். என் உடம்பில் போட்டுப் பார்த்தேன். கைவிரிப்பு 150 செ.மீ., ஆக நீளம் 4.5 மீட்டர். இடுப்பு 34 செ.மீ., இரண்டு முஷ்டி 16 செ.மீ., ஆக அகலம் 50 செ.மீ. இன்று சிறியவர்களுக்கென்று தனியாக வடிவமைக்கும் கயாக்குகளும் இந்த அளவுகளை ஒட்டியே வருகின்றன.

1959இல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ மாணவர் கிரீன்லாந்தின் இலோர்சுயிட் ஊருக்குப் போய், அங்கே இமானுவேல் கொர்னெலியுசன் கட்டித்தந்த ஒரு கயாக்குடன் ஸ்காட்லாந்து திரும்பினார். அதன் வழியில் வந்த வடிவம்தான் பின்னாளில் அனாஸ் அக்யூட்டா என்ற பெயரில் தொழிற்சாலைப் படகானது. அச்சில் வார்க்கும் படகை ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்ய முடியாது. நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆணை மனதில் வைத்தே பெரும்பாலான அச்சுகள் உருவாயின. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பல நிறுவனங்கள் ஒரே வடிவத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வெவ்வேறு கொள்ளளவில் தருகின்றன.

ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடலுக்குப் போகும் உடையோடு உங்கள் எடை; வழக்கமாகக் கொண்டுபோகும் பொருட்களின் எடை; உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம்; காலை லேசாக மடித்து உட்கார்ந்தால் தரையிலிருந்து தொடையின் மேற்பகுதி வரை உயரம்; முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை நீளம்; கைவிரிப்பு. படகில் போட்டுக்கொள்ளும் காலணியோடு பாதத்தின் நீளத்தையும் சேருங்கள். மேல்தளம் தாழ்வான கயாக்கில் பெரிய காலணி நுழையாது. இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

பெரிய படகு ஏன் நம்மைப் படுத்துகிறது

80 கிலோ ஆளும் 40 கிலோ சாமானும் ஏறுவதாக நினைத்து வடிவமைத்த படகு என்று வையுங்கள். படகு 22 கிலோ. மொத்தம் 142 கிலோ. அதில் 50 கிலோ ஆள், 10 கிலோ பொருளோடு ஏறினால் மொத்தம் 82 கிலோதான். 60 கிலோ குறைகிறது. நீர்மட்டத்தில் அந்தப் படகு சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொள்ளும் என்றால், அது இருக்கவேண்டிய மட்டத்தைவிட ஏறக்குறைய 4 செ.மீ. மேலே மிதக்கும். நாலு செ.மீ. தானே என்று தோன்றலாம். 5 மீட்டர் நீளத்துக்கு நாலு செ.மீ. என்றால் 0.2 சதுர மீட்டர் பலகையைப் பக்கவாட்டில் காற்றுக்கு நிறுத்தியதற்குச் சமம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 10 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்று 20 நாட் ஆனால் விசை நான்கு மடங்கு. தள்ளும் காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். அதை எதிர்த்துத் துடுப்பு போடும் தசை நம்மிடம் குறைவு.

இன்னொரு இழப்பும் உண்டு. நீர்க்கோடு, அதாவது தண்ணீரில் பதியும் நீளம், சுருங்கி, இரண்டு முனைகளும் தண்ணீரில் சரியாகப் பதியாமல், படகு நேராகப் போக மறுக்கும். வடிவமைத்தவர் நினைத்த படகே அங்கு இல்லை.

அகலத்தின் கதை வேறு. பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் உறுதி ஏறக்குறைய அகலத்தின் மும்மடியை (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. 61 செ.மீ. படகிலிருந்து 51 செ.மீ. படகுக்கு மாறினால் முன்பிருந்த உறுதியில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் மேலுடம்பு இலேசாகவும் ஈர்ப்பு மையம் தாழ்வாகவும் இருப்பவருக்கு அவ்வளவு உறுதி தேவையில்லை. பெரிய ஆளுக்கு ஆட்டம் காட்டும் படகு சின்ன ஆளிடம் அமைதியாக இருக்கும். "ரொம்பக் குறுகல், பயமாக இருக்கும்" என்று பெரிய உடம்புக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த எண்களைத் தேடுவது

நீளம் 4.3 முதல் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளமான படகு வேகமானது என்பது ஓரளவு உண்மைதான். நீர்க்கோட்டு நீளத்தை அடிக் கணக்கில் (ஒரு அடி 30.5 செ.மீ.) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். நீர்க்கோடு 4.2 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 5 நாட், 4.9 மீட்டர் என்றால் 5.4 நாட். நாம் நாள் முழுக்கப் போகும் வேகம் 3 அல்லது 3.5 நாட்தான். அந்த வேகத்தில் முக்கியத் தடை தண்ணீர் படகின் அடியில் உரசுவது. கூடுதல் நீளம் கூடுதல் உரசல். எட்டாத உச்ச வேகத்துக்காக நாள் முழுக்க அந்த உரசலை இழுக்க வேண்டியதில்லை.

அகலம் 50 முதல் 55 செ.மீ. மொத்தக் கொள்ளளவு 300 லிட்டருக்குக் கீழே. உட்காரும் திறப்பான காக்பிட்டின் முன்விளிம்பில் மேல்தள உயரம் 28 முதல் 30 செ.மீ. பல நாள் முகாம் பயணம் போகிறவராக இருந்தால் கொள்ளளவைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் பயணமே அதிகம் என்றால் வேண்டாம். அதிகபட்சச் சுமை என்று அட்டவணையில் போடும் எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அது எவ்வளவு ஏற்றினால் படகு தாங்கும் என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு குறைந்த எடையில் ஒழுங்காக ஓடும் என்று சொல்வதில்லை. விற்பவரிடம் கேட்கவேண்டியது இந்தக் குறைந்தபட்ச எடையைத்தான்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்குச் சில பெயர்கள்: வேலியின் அவோசெட் எல்வி, பி அண்ட் எச் நிறுவனத்தின் செட்டஸ் எல்வி, ஸ்கார்பியோ எல்வி, வில்டர்னஸ் சிஸ்டம்ஸின் டெம்பெஸ்ட் 165, எட்டிலைனின் சாம்பா, ஃபாதம் எல்வி. எல்வி என்றால் குறைந்த கொள்ளளவு. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தவுடன் நிம்மதியாகிவிடக் கூடாது. ஒரு பெரிய படகின் எல்வி வடிவம் இன்னொரு நிறுவனத்தின் சாதாரணப் படகைவிடப் பெரிதாக இருக்கலாம். சில படகுகளில் மேல்தளத்தை மட்டும் தாழ்த்தி எல்வி என்று போடுவார்கள், அடிப்பகுதி அதேதான். அப்படிப்பட்டதில் உட்கார வசதி கூடும். மிதக்கும் மட்டத்தில் பெரிய மாற்றம் வராது.

எடையையும் பாருங்கள். இந்த நீளத்தில் பாலிஎத்திலீன் படகு 24 முதல் 28 கிலோ, ஃபைபர் கிளாஸ் 20 முதல் 24, கார்பன் அல்லது கெவ்லார் கலந்தது 16 முதல் 20 கிலோ வரை வரும். பாறைக்கரையில் அடிக்கடி இறங்குகிறவருக்கு பாலிஎத்திலீன் நல்லது. தனியாகத் தூக்க வேண்டியவருக்கு அந்த நாலைந்து கிலோ பெரிய வித்தியாசம். 49 கிலோ உடம்பு 26 கிலோவைத் தூக்குவது தன் எடையில் பாதிக்கு மேல் தூக்குவது.

துள்ளலாகத் திரும்ப எது உதவும்

படகைப் பக்கவாட்டில் பார்த்தால் அடிக்கோடு வாழைப்பழம்போல லேசாக வளைந்திருக்கும். இதற்கு ராக்கர் என்று பெயர். வளைவு கூடினால் சட்டென்று திரும்பும். மிகவும் கூடினால் நேராக வைத்திருக்கவே உழைக்க வேண்டும். மிதமான ராக்கர், விளிம்பு மழுங்காத அடிப்பகுதி, குறுகிய அகலம் மூன்றும் சேர்ந்தால் இடுப்பைச் சாய்த்தாலே படகு பேச்சைக் கேட்கும். இடது முழங்காலைத் தூக்கி வலது இடுப்பில் எடையை வைத்தால் படகு இடப்பக்கம் வளையும். தொடை மேல்தளத்தைத் தொட்டால்தான் இந்த வித்தை நடக்கும். தொடாத படகில் நீங்கள் சாய்வீர்கள், படகு சாயாது.

ஸ்கெக்கா (திரும்பாமல் மேலும் கீழும் மட்டும் நகரும் தகடு), சுக்கானா என்ற கேள்விக்கு என் பதில் ஸ்கெக். பக்கக்காற்றில் ஓடும் படகு காற்றை நோக்கி முகத்தைத் திருப்பும். ஓடும்போது முன்முனையைத் தண்ணீர் இரு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, பின்முனை காற்றில் நழுவுகிறது. அதுதான் காரணம். பின்புறம் அடியிலிருந்து இறங்கும் ஸ்கெக் அந்த நழுவலைத் தடுக்கிறது. பக்கக்காற்றுக்குப் பாதி இறக்கினால் போதும், பின்காற்றுக்கு முழுவதும், எதிர்காற்றில் உள்ளே இழுத்துவிடலாம். சுக்கான் பிடிக்கும் என்றால் பாதத்தின் மேல்பகுதியால் மட்டும் அழுத்தும் மிதி உள்ள வகையைத் தேடுங்கள். மொத்த மிதியும் முன்னும் பின்னும் ஓடும் பழைய வகையில் காலை ஊன்ற உறுதியான இடம் கிடைக்காது. ஸ்கெக் பெட்டிக்குள் கூழாங்கல் சிக்குவது வழக்கம். தகட்டின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிவிடுங்கள், வெளியிலிருந்து இழுத்து விடுவிக்கலாம்.

தரையில் வைத்து உட்கார்ந்து பாருங்கள்

இதற்கு அவசரமே வேண்டாம். புல் அல்லது பாய் மேல் படகை வைத்து, கடலுக்குப் போகும் உடை, காலணி, உயிர்காப்பு உடுப்பு எல்லாம் போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் பொறுமை இழந்தாலும் எழுந்திருக்காதீர்கள்.

பாதம் மிதியில் ஊன்றியிருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து தொடை மேல்தளத்தைத் தொட வேண்டும். மிதியை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் கால் எட்டவில்லை என்றால் அதை அங்கேயே கண்டுபிடித்துவிடுவது நல்லது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் தட்டையாக விரல்கள் நுழையும் அளவு இடம் போதும்; முஷ்டி நுழைந்தால் அதிகம். துடுப்பு போடுவதுபோல அபிநயம் செய்து பாருங்கள். முழங்கை காக்பிட் விளிம்பில் இடித்தால் மேல்தளம் உங்களுக்கு உயரம். பின்னால் சாய்ந்து தலையைப் பின்தளத்தில் வைக்க முயலுங்கள். கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தி உருண்டு எழும் பயிற்சிக்கு இது எளிதாக வர வேண்டும்.

கால் மரத்துப்போனால் பெரும்பாலும் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்துகிறது, அல்லது தொடைக்கு அடியில் தாங்கல் இல்லை. இருக்கையை மாற்றிச் சரிசெய்ய முடியும். மேல்தள உயரத்தை மாற்ற முடியாது. எது சரிசெய்யக்கூடியது, எது அச்சோடு வந்தது என்று பிரித்துப் பார்த்தாலே முடிவு பாதி எடுத்த மாதிரி.

தண்ணீரில், பிறகு காற்றில்

முதலில் அமைதியான நீரில். படகு முன்னும் பின்னும் மட்டமாக மிதக்கிறதா என்று கரையிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கவாட்டில் ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். முன்முனை தூக்கி நின்றால் அந்தப் படகு உங்கள் எடைக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

அப்புறம் 11 முதல் 16 நாட் காற்றுள்ள ஒரு நாளில், கூட ஒருவருடன், காற்று கரையை நோக்கி வீசும் இடத்தில் போய்ப் பாருங்கள். அமைதியான நீரில் எல்லாப் படகும் நல்ல படகுதான். ஸ்கெக்கை உள்ளே இழுத்துவிட்டு, ஒரே இடத்தில் முழு வட்டம் திரும்ப முயலுங்கள். எந்தக் கோணத்தில் முரண்டு பிடிக்கிறது என்று கவனியுங்கள். காற்றை நோக்கித் திரும்பவே முடியவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள். காற்றுக்குக் குறுக்கே சில நூறு மீட்டர் நேராகப் போய், எத்தனை துடுப்பு முன்னேறுவதற்குப் போகிறது, எத்தனை திசை திருத்துவதற்குப் போகிறது என்று எண்ணுங்கள். இரண்டில் ஒன்று திருத்துவதற்கே போனால் மாலைக்குள் ஒரு தோள் ஓய்ந்துவிடும்.

உடம்போடு பொருத்துவது

எந்தப் படகும் கடையிலிருந்து வந்தபடியே சிறியவருக்குப் பொருந்துவதில்லை. தண்ணீர் குடிக்காத, மூடிய துளை கொண்ட ஃபோம் வாங்குங்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும், தொடை தொடும் இடத்திலும், தேவையானால் தொடைக்கு அடியிலும் வெட்டி வையுங்கள். முதலில் டேப் போட்டு ஒட்டி இரண்டு மூன்று பயணம் போய்வந்து, செதுக்கித் தேய்த்து, கடைசியில் காண்டாக்ட் சிமென்ட் கொண்டு நிரந்தரமாக ஒட்டுங்கள். கால் மிதிக்கு எட்டவில்லை என்றால் மிதிகளைக் கழற்றிவிட்டு, முன் தடுப்புச்சுவருக்கும் பாதத்துக்கும் இடையே தடிமனான ஃபோம் கட்டை வையுங்கள். பாதம் முழுவதும் ஊன்றலாம். கவிழ்ந்தால் உள்ளே புகும் தண்ணீரும் அந்த அளவுக்குக் குறையும். இருக்கையை உயர்த்துவதில் மட்டும் நிதானம். 2 செ.மீ. ஏற்றினால் கை நன்றாக எட்டும், ஆட்டமும் கூடும்.

எவ்வளவு இறுக்கம்? தலைகீழாகக் கவிழ்ந்து, முழங்காலை உள்ளே சேர்த்தவுடன் வழுக்கி வெளியே வர வேண்டும். அதற்கு மேல் இறுக்கம் ஆபத்து.

துடுப்புக்கும் இதே அளவுக் கணக்குதான். 50 செ.மீ. படகில், உயர்த்திப் பிடித்துப் போடுபவருக்கு 200 முதல் 210 செ.மீ., தாழ்த்திப் போடுபவருக்கு 210 முதல் 220 போதும். தண்ணீரைத் தள்ளும் தட்டையான அலகு சிறியதாக இருக்கட்டும், தண்டு சிறு விட்டம் உள்ளதாக இருக்கட்டும். தடித்த தண்டைப் பிடித்த சின்னக் கை மணிக்கட்டு வலியோடுதான் வீடு திரும்பும். கிரீன்லாந்து வகைத் துடுப்பையும் ஒரு முறை பாருங்கள். அதன் நீளம் கைவிரிப்பும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான அளவும் சேர்ந்தது.

உயிர்காப்பு உடுப்பு குட்டையானதாக இருக்க வேண்டும். நீளமானது உட்கார்ந்தவுடன் காக்பிட் துணியில் முட்டி, கழுத்துவரை ஏறிவிடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை வரக் கூடாது. காக்பிட்டை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை எப்போதும் உங்கள் கைபலத்தில் சோதியுங்கள். புதிய நியோப்ரீன் ஸ்கர்ட் மிக இறுக்கமாக இருக்கும். ஒரு கையால் பிடிக்கயிற்றை இழுத்து உங்களால் கழற்ற முடியாத ஸ்கர்ட்டோடு கடலில் இறங்கவே கூடாது. கயிறு எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

மீண்டும் ஏறுவது

என்னைப் பொறுத்தவரை படகு வாங்கும் முடிவை இதுதான் தீர்மானிக்க வேண்டும். சிறிய உடம்பு குளிர்ந்த நீரில் சூட்டைச் சீக்கிரம் இழக்கிறது, அதனால் காற்றின் வெப்பத்தைப் பார்த்து உடுத்தாமல் நீரின் வெப்பத்துக்கு ஏற்ப உடுத்துங்கள். பின்தளம் தாழ்வான படகில் ஏறுவது எளிது. விலாவை விளிம்புக்கு மேல் தூக்க வேண்டிய உயரம் ஒவ்வொரு செ.மீ. குறையும்போதும் வித்தியாசம் தெரியும்.

ஏறும்போது கையால் இழுத்து ஏற முயல வேண்டாம். படகின் பின்தளத்தைப் பிடித்து, உடலை நீர்மட்டத்தில் கிடத்தி, கால்களை நீந்துவதுபோல வேகமாக உதைத்து வயிற்றைத் தளத்தின் மேல் வழுக்கவிடுங்கள். துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பை மாட்டிப் பக்கத் தாங்கலாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியவில்லை என்றால் ஒரு பட்டைக் கயிற்றை வளையமாகக் கட்டி, துடுப்புத் தண்டிலிருந்து காக்பிட்டின் குறுக்கே படகின் அடியாகக் கொண்டுவந்து, அதில் கால் வைத்து ஏறுங்கள். கைபலம் குறைந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஏறிய பிறகு உள்ளே இருக்கும் தண்ணீரைக் கைபம்பால் இறைத்து வெளியேற்றுங்கள். முன்னும் பின்னும் தடுப்புச்சுவர் உள்ள படகையே வாங்குங்கள். மேல்தளத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் கயிறு முழுவதும் இருக்கட்டும். களைத்த நிலையிலும் தொடர்ந்து மூன்று முறை ஏற முடிகிறதா என்று பாருங்கள்.

காலியாகப் போகும் நாளில் எடை வைப்பது

சரியான அளவுப் படகு கிடைக்காமல் சற்றுப் பெரியதில் போக வேண்டியிருந்தால், மடிக்கக்கூடிய தண்ணீர்ப் பைகளில் 5 முதல் 10 கிலோ நிரப்பி, இருக்கைக்கு உடனே பின்னாலும் முன் ஹட்சில் (மூடியுள்ள சாமான் அறையில்) காலுக்கு அருகிலும் நடுக்கோட்டில், தாழ்வாக வையுங்கள். நகராமல் கட்டுவது முக்கியம். முனைகளில் வைத்தால் படகு அலையில் மூக்கைப் புதைக்கும், திரும்பவும் சோம்பும். காற்றை நோக்கி ஓயாமல் திரும்பினால் சற்றுக் கூடுதலாகப் பின்னே தள்ளுங்கள். அளவுக்கு மீறினால் இப்போது காற்றோடு ஓடத் தொடங்கும். கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

கரையிலிருந்து வண்டிவரை ஒரு சின்ன சக்கர வண்டி போதும். அதைக் கழற்றிப் பின் ஹட்சில் வைத்துவிடலாம். கார் கூரையில் ஏற்ற முழுப் படகையும் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. காருக்குப் பின்னால் ஒரு பாயை விரித்து, படகை நேராகக் கிடத்தி, முன்முனையை மட்டும் தூக்கிக் கூரைத் தண்டின் மேல் சாய்த்து, பிறகு பின்முனையைத் தூக்கி முன்னால் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் நீங்கள் தூக்குவது ஏறக்குறைய பாதி எடைதான். கண்ணாடியில் கீறல் விழாமல் பின்விளிம்பில் ஒரு கனத்த துணியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.